இடது பக்கம்

காலை ஆறு ஐந்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ராமசுப்ரமணியன் வாளியை நிரப்பி எடுத்துக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கினார். மறுநாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவ வேண்டும்.

மயூர் விஹாரின் அந்தக் குடியிருப்பில் வண்டிகளைத் துடைக்க ஓர் ஆள் வருகிறான். இவர் வண்டியை அவன் தொடுவதில்லை. பதினொரு வருஷமாக இவரே துடைக்கிறார். முதலில் ஈரத் துணி, பிறகு ஒரு மஞ்சள் துணி. அவ்வளவுதான். வண்டி வாங்கியபோது இனாமாக வந்த மெழுகு டப்பா ஒன்று டிக்கியில் பிரிக்காமலே கிடந்தது. கறுப்பு பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. அச்சிட்டிருப்பதை எல்லாம் அவர் படித்துவிடுவார். முப்பத்து நாலு வருஷம் மத்திய அரசில் இருந்தவர். அதில் கடைசிப் பதினாறு வருஷம் விஜிலன்ஸ் பிரிவு.

வண்டியைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

லிஃப்டைப் பார்த்து நின்ற இடது பக்கம் மின்னியது. கதவுகளின் வெள்ளிப் பூச்சில் அவர் முகம் தெரிந்தது. ஆனால் கதவுகளுக்கு அடியில் ஓடும் கறுப்புப் பட்டை, முன்சக்கரத்துக்கு மேல் வளையும் கறுப்பு விளிம்பு, பம்பரின் கீழ்ப்பாதி எல்லாவற்றிலும் வெள்ளை படிந்திருந்தது. வட்ட வட்டமாகத் தேய்த்த தடம் அப்படியே காய்ந்திருந்தது. டயருக்குப் பக்கத்தில் மெழுகு டப்பா திறந்து கிடந்தது. அதன் மேல் ஒரு கிழிந்த பனியன். மகன் அர்ஜுனுடையது.



அர்ஜுனுக்கு இருபத்தேழு வயது. இதுவரை வண்டியைக் கழுவியதில்லை. பெட்ரோல் போட்டதில்லை. நாலு வருஷம் பரீட்சை எழுதி எழுதித் தோற்று, அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தான். போன வாரம்தான் ஒரு பொதுத்துறை நிறுவனத்திலிருந்து ஆர்டர் வந்தது. இருபதாம் தேதி சேர வேண்டும். நேற்று மாலை நண்பர்களோடு கொண்டாடப் போகிறேன் என்று சாவியை வாங்கிப் போனான். எப்போது திரும்பினான் என்று தெரியாது. திரும்பி வந்து, தூங்காமல், பூஜைக்காக வண்டிக்கு மெழுகு போட்டிருக்கிறான்.

ராமசுப்ரமணியன் குனிந்து ஈரத் துணியால் பட்டையைத் துடைத்தார். வெள்ளை பரவியது. அழுத்தித் துடைத்தார். சாம்பல் நிறமாகி, காய்ந்ததும் மறுபடி வெள்ளையானது. பிளாஸ்டிக் வழவழப்பானதல்ல, தோல்போலப் புள்ளி புள்ளியான சொரசொரப்பு. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் மெழுகு இறங்கியிருந்தது.

ஒரு மணி நேரம் துணியோடு போராடிவிட்டு மேலே போனார்.

மனைவி ருக்கு வடைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"உன் பிள்ளை வண்டிக்கு மெழுகு போட்டிருக்கான்."

"யாரு, அர்ஜுனா? குடிச்ச டம்ளரை எடுத்து வைக்க மாட்டான். வண்டிக்கா?"

"பிளாஸ்டிக்ல எல்லாம் அப்பி வச்சிருக்கான். போக மாட்டேங்கறது."

"போட்டானே, அதைச் சொல்லுங்கோ. ஆர்டர் வந்ததும் பொறுப்பும் கூடவே வந்துடுத்து." அவள் சிரித்தாள். நாலு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. "நல்லெண்ணெய் தடவுங்கோ. கறுப்பாயிடும்."

"எண்ணெய் மறைக்கும். எடுக்காது."

"சரி, நீங்க எடுத்துண்டே இருங்கோ. எனக்கு இங்க பத்துப் பாத்திரம் கிடக்கு. மணி ஏழரை. வள்ளியைக் காணும். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறா. அவ ஆம்படையான் பூவும் வரலை. பண்டிகைன்னா ரெண்டு பேருமா சேந்துண்டு டிமிக்கி."

வள்ளி திரிலோக்புரியிலிருந்து வந்து பாத்திரம் துலக்குபவள். அவள் புருஷன் கருப்பசாமி தினமும் விடிவதற்கு முன் காஜிப்பூர் மண்டிக்குச் சைக்கிளில் போய்ப் பூ எடுத்துவந்து இந்தக் குடியிருப்பின் தமிழ் வீடுகளுக்குப் போடுகிறான்.

"வருவா," என்றார்.

பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டார். பாத்திரம் துலக்கும் சோப்பில் கொஞ்சம் கிண்ணத்தில் பிழிந்துகொண்டார். பிறகு என்னவோ தோன்றி மேஜை டிராயரைத் திறந்தார். இரண்டு பென்சில் ரப்பர்கள் இருந்தன. இரண்டையும் பையில் போட நினைத்து, ஒன்றை மட்டும் எடுத்தார்.

மேஜை மேல் அட்டெஸ்டேஷன் ஃபார்ம் இருந்தது. வேலையில் சேருமுன் நன்னடத்தை விசாரணைக்காக எழுதித் தர வேண்டியது. அர்ஜுன் தப்பாக எழுதிவிடுவான் என்று இவரே பென்சிலில் நிரப்பியிருந்தார். அவன் மேலே பேனாவால் எழுத வேண்டும். பன்னிரண்டாவது கேள்விக்கு, எப்போதாவது கைதானதுண்டா, உங்கள் மேல் ஏதாவது வழக்கு உண்டா என்பதற்கு, அவர் கையெழுத்தில் இல்லை, இல்லை என்று இருந்தது. அந்தக் கேள்வியில் தப்பாக ஒரு இல்லை எழுதி வேலை இழந்தவர்களின் ஃபைல்களை அவர் பார்த்திருக்கிறார். அர்ஜுனிடம் பலமுறை சொல்லியும் இருக்கிறார்.

கீழே வந்து பின்கதவிலிருந்து ஆரம்பித்தார். பிரஷும் சோப்பும் பாதியை எடுத்தன. மீதியை ரப்பர் எடுத்தது. ரப்பரை ஒரே பக்கமாக, சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் மெழுகு புள்ளிக்குள் திரும்பிப் போய்விடும். ஆபீசில் நோட் ஷீட்டில் பென்சில் குறிப்பை அழிக்கும் அதே கைப்பழக்கம். ரப்பர்த் துகள் வெள்ளையாகச் சுருண்டு விழுந்தது. அடியில் பழைய கறுப்பு வந்தது.

எதிர் பிளாக் சர்தார்ஜி நடைக்குப் போகும்போது நின்றார்.

"க்யா பாய்சாப், வண்டிக்கும் பரீட்சையா?"

"பையன் மெழுகு போட்டான்," என்று ராமசுப்ரமணியன் இந்தியில் சொன்னார். சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "முதல் தடவை."

"அச்சா, அச்சா. இனிமேல் அவன் வேலை, உங்களுக்கு ஓய்வு," என்று சர்தார்ஜி போனார்.

பின்கதவுப் பட்டை முடிந்தது. முன்கதவுப் பட்டை முடிந்தது. முட்டி வலித்தது. முன்சக்கரத்தின் விளிம்புக்கு வந்தார். மற்ற எந்த இடத்தையும்விட அங்கே மெழுகு தடிமனாக இருந்தது. ஒரு தடவை பூசியதல்ல. மூன்று, நான்கு தடவை.

பிரஷால் தேய்த்தார். வெள்ளை போனதும் கறுப்பு வரவில்லை. ஒரு கீறல் வந்தது. ஒரு சாண் நீளம். உள்ளே பிளாஸ்டிக் சாம்பலாகத் தெரிந்தது. கீறலைத் தொடர்ந்து விரலைக் கொண்டுபோனார். விளிம்பு பம்பரைச் சேரும் முனையில் விரல் தடுக்கியது. முனை உடைந்திருந்தது. கட்டைவிரல் அளவு துண்டு இல்லை. உடைந்த வாயிலும் மெழுகு அப்பியிருந்தது.

பம்பருக்கும் விளிம்புக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. பிரஷின் வால்முனையால் நெம்பினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு செண்டுமல்லி இதழ் வெளியே வந்தது.

போன வருஷ ஆயுத பூஜை மாலையிலிருந்து விழுந்தது என்று நினைக்கப் பார்த்தார். இதழ் காய்ந்திருக்கவில்லை.

எழுந்து வண்டியின் மறுபக்கம் போனார். தூணுக்கும் வண்டிக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது. வலது பக்கத்தில் மெழுகு இல்லை. ஒரு வாரத் தூசு அப்படியே இருந்தது. அதில் அணில் ஓடிய தடம்கூடக் கலையாமல் இருந்தது.

லிஃப்ட் வரக் காத்திருக்காமல் மூன்று மாடியும் ஏறினார்.

அர்ஜுன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை. கையில் போன் வெளிச்சம்.

"மெழுகு நீதான் போட்டியா?"

"ஆமாப்பா. நாளைக்குப் பூஜை இல்லையா. சர்ப்ரைஸ்."

"இடது பக்கம் மட்டும் போட்டிருக்கே."

"டயர்டா இருந்ததுப்பா. அப்புறமா பண்ணலாம்னு விட்டேன்."

"எங்கயாவது இடிச்சியா?"

"டிவைடர்ல லேசா. தோடா ஸா."

"டிவைடர் வலது பக்கம்னா இருக்கும்."

அர்ஜுன் எழுந்து உட்கார்ந்தான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

"நாய்ப்பா. குறுக்க வந்துடுத்து."

ராமசுப்ரமணியன் உள்ளங்கையை விரித்தார். இதழைப் போர்வை மேல் வைத்தார். அர்ஜுன் அதைப் பார்த்தான். தொடவில்லை.

"சைக்கிள்ல லைட் இல்லப்பா," என்றான்.

அடுக்களையில் மிக்சி ஓடியது. நின்றது.

"எங்க?"

"நாலா பக்கத்துல, அந்தச் சாக்கடைக் கால்வாய். பாலத்துக்கு முன்னாடி."

"நின்னியா?"

"ஸ்லோ பண்ணேன்."

"நின்னியான்னு கேட்டேன்."

"கண்ணாடில பாத்தேன். எழுந்துப்பான்னு நெனச்சேன்."

"எழுந்தானா?"

அர்ஜுன் போர்வையின் ஓரத்தை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"குடிச்சிருந்தியா?"

"ரெண்டு பியர். பதினோரு மணிக்கு. அது எப்பவோ இறங்கிடுத்து."

"மணி என்ன இருக்கும்?"

"நாலே முக்கால்." அவன் தலை நிமிரவில்லை. "அப்பா, இருபதாம் தேதி ஜாயினிங்."

ராமசுப்ரமணியன் அறைக்கதவைச் சாத்தினார்.

"நீங்கதானே சொன்னேள். அந்தப் பன்னெண்டாவதுல ஒண்ணு தப்பாச்சுன்னா மொத்தமும் போச்சுன்னு. நீங்கதான் சொன்னேள்."

"ரெண்டு பேருக்கும் என்ன ரகசியம்?" ருக்குவின் குரல் வந்தது. "காபி ஆறறது. அர்ஜுன், உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கார், நீ வண்டி துடைச்சதை. பல்லைத் தேச்சுட்டு வா."

அர்ஜுன் இதழைப் போர்வையோடு சேர்த்து உதற நினைத்தவன்போலக் கையைக் கொண்டுபோனான். அவர் முந்திக்கொண்டு அதை எடுத்து மடித்த கைக்குள் வைத்துக்கொண்டார்.

கூடத்தில் மேஜைக்கு முன் நின்றார். மணி எட்டரை. பாலம் நடந்து போகிற தூரம்தான். போய்ப் பார்க்கலாம். அங்கே யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அல்லது யாரும் இருக்க மாட்டார்கள். பூ வரவில்லை, வள்ளி வரவில்லை. இரண்டையும் அவர் தனித்தனியாக வைத்திருந்தார். பதினாறு வருஷம் அவர் செய்த வேலையே தனித்தனியாகக் கிடப்பவற்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான். போனை எடுத்தார். பூ கருப்பசாமி என்று பெயர் இருந்தது. விரலைப் பெயர் மேல் கொண்டுபோய், அழுத்தாமல், திரும்பப் பையில் வைத்தார்.

டிராயரைத் திறந்து இரண்டாவது ரப்பரை எடுத்தார். ஃபார்ம் கண்ணெதிரே இருந்தது. இல்லை, இல்லை. பென்சில்தான். ஒரு இழுப்பில் போய்விடும்.

ரப்பரைக் கீழே கொண்டுபோகத் திரும்பினார். அடுக்களை வாசலில் நின்றார்.

"ருக்கு, நல்லெண்ணெய் கொஞ்சம் கொடு."

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் ருக்கு. கிண்ணியில் ஊற்றித் தந்தாள். "பொம்மனாட்டி பேச்சைக் கேட்டா ஒரு மணி நேரம் மிச்சமாயிருக்கும். ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"முட்டி வலி."

"உக்காந்துண்டு பண்ணுங்கோ. ஒரு பலகை எடுத்துண்டு போங்கோ."

பலகை போட்டு உட்கார்ந்து செய்தார். முன்சக்கர விளிம்பில் மீதியிருந்த மெழுகை ரப்பரால் முழுவதுமாக எடுத்தார். பம்பரின் கீழ்ப்பாதியையும் எடுத்தார். மெழுகு இருந்தால் கேள்வி வரும். பிரஷைக் கழுவி, இடுக்கை மறுபடி தேய்த்தார். உள்ளே சணல் நார் ஒன்று இருந்தது. அதையும் எடுத்தார். இதழும் நாரும் வாளித் தண்ணீரில் மிதந்தன. தண்ணீரைச் சாக்கடை வாயில் கொட்டினார். இதழ் கம்பியில் ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். போய்விட்டது.

பிறகு பஞ்சை எண்ணெயில் நனைத்துக் கீறலின் மேல் இழுத்தார். சாம்பல் நிறம் கறுத்தது. உடைந்த முனையிலும் தடவினார். முனை உடைந்ததுதான். ஆனால் என்றைக்கோ உடைந்ததுபோல் ஆகிவிட்டது. தள்ளியிருந்து பார்த்தார். நன்றாகச் செய்திருந்தார். எதையும் அரைகுறையாகச் செய்வது அவர் வழக்கமில்லை.

கிண்ணியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். மடி முழுக்க ரப்பர்த் துகள்.

கேட் பக்கத்திலிருந்து வள்ளி வந்தாள். வேலைக்கு வரும் நடை இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஓர் ஆண் சட்டை சுருட்டி இருந்தது. லிஃப்டைப் பார்த்துப் போனவள் அவரைக் கண்டு நின்றாள்.

"சார். இங்கனயா இருக்கீக. மாமிகிட்டச் சொல்லிருங்க. ரெண்டு மூணு நாளைக்கு வேலைக்கு வர முடியாது."

அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பின்னால் விளிம்பின் முனை தெரியும்.

"அவுகள வண்டி அடிச்சுப் போட்டுப் போயிருச்சு சார்."

"யாரை?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரைத்தான். பூ எடுத்துட்டு வரையில. பாலத்துக்கு இந்தப் பக்கம்." அவள் அழவில்லை. அழுது முடித்த முகம். "மூச்சு இருக்கு. கண்ணு முழிக்கல. மெஷின் வச்சிருக்காக. தலைக்குள்ள ரத்தம் கட்டியிருச்சாம். அரை மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. ரோட்டுலயே கெடந்திருக்காக சார். பால் வண்டிக்காரன்தான் பாத்துத் தூக்கியிருக்கான்."

"டாக்டர் வேற என்ன சொன்னார்?"

"மக்க மனுசருக்குச் சொல்லி விடுங்கன்னாரு."

ராமசுப்ரமணியன் தண்ணீர் இல்லாத வாளியைப் பார்த்தார்.

"உங்க வண்டிக்குன்னு தனியா மாலை கட்டணும்னு சொல்லிட்டுத்தான் போனாக," என்றாள் வள்ளி. "பெரிய மாலையா. தம்பிக்கு வேலை கிடைச்சிருக்கில்ல. பூவெல்லாம் ரோட்டுல கெடக்கு சார். மிதிச்சுக்கிட்டுப் போறாக." அவள் வண்டியைப் பார்த்தாள். பார்வை பட்டையின் மேல் ஓடியது. "நல்லாக் கறுகறுன்னு ஆயிருச்சு. நீங்களே துடைச்சீகளா?"

அவர் தோளைச் சக்கரத்தின் பக்கம் நகர்த்தினார்.

"சார், ஒரு உபகாரம். போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. என்ன நடந்துச்சு, அங்க என்னென்ன கெடந்துச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாரு. எனக்கு இந்தி எழுத வராது. ரேசன் கார்டுக்கு நீங்க எழுதுன எழுத்துக்குத்தான் ஒரே நடையில ஆச்சு. நீங்கதான் எழுதித் தரணும்."

"எழுதலாம்," என்றார். "அப்புறம் வா. சாயந்தரம்."

"சாயந்தரம் வரைக்கும் அவுக இருப்பாகளோ என்னமோ. இப்பவே எழுதிருங்க சார். மாமிகிட்டப் பேப்பர் வாங்கியாறேன்." அவள் லிஃப்ட் பக்கம் ஓரடி வைத்து, நினைவு வந்தவளாகத் திரும்பினாள். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

கட்டைவிரல் அளவு. கறுப்பு பிளாஸ்டிக். ஒரு பக்கம் தோல்போலச் சொரசொரப்பு. மெழுகு படாத, எண்ணெய் படாத கறுப்பு.

அவர் கையை நீட்டவில்லை. அவள் இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"அவுக பக்கத்துல கெடந்துச்சு சார். இதுக்கு என்ன பேருன்னு எழுதணும்?"